மர்ரேயா, டுவாவா, ஹாஸ்கின்ஸா? 2018-இன் மூன்று ஆஃபென்ஸ்களை எண்களால் எடை போடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்குகளை எண்களை வைத்து ஒப்பிட உட்கார்ந்தவர்கள் 2018 சீசனுக்கு வந்ததும் திணறிவிடுவார்கள். ஓக்லஹோமாவின் கைலர் மர்ரேக்கு பாஸர் ரேட்டிங் 199.2. அலபாமாவின் டுவா டாங்கோவைலோவாவுக்கு 199.4. இருவர் வீசிய பந்துகளிலும் 69 சதவீதம் சரியாகக் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இதற்கிடையில் ஒஹாயோ ஸ்டேட்டின் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் 50 டச் டவுன் பாஸ் வீசி நிற்கிறார். அந்த எண்ணிக்கையை மற்ற இருவரும் எட்டவில்லை. இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய வாசகர்கள் பலரும் கேட்பது இதைத்தான்: ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரை எடுப்பது, எந்த எண்ணை நம்பி எடுப்பது?

புதியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. பெரும்பாலான வாய்ப்புகளில் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். அவர் வீசலாம், ஓடலாம், வேறொருவரிடம் கொடுத்து ஓடச் சொல்லலாம். பந்தை வைத்திருக்கும் அணி ஆஃபென்ஸ், தடுக்கும் அணி டிஃபென்ஸ். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்தால் டச் டவுன், வீசிய பந்தை எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

## முதலில் அளவுகோல்கள்

ஒரு வீச்சுக்கு எவ்வளவு கிடைத்தது. மொத்த யார்டு ஏமாற்றும். அதிகம் வீசியவருக்கு அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான். கிரிக்கெட்டில் மொத்த ரன்னை மட்டும் பார்க்காமல் ஸ்ட்ரைக் ரேட்டையும் பார்க்கிறோமே, அதே காரணம்தான் இங்கேயும். ஒரு வீச்சுக்கான யார்டோடு, டச் டவுனுக்கு 20 யார்டு கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 யார்டு கழித்துத் திருத்திய சராசரியும் உண்டு. என் கணிப்பில் பாஸர் ரேட்டிங்கை விட இதுதான் நேர்மையான எண்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி ரேட்டிங்கின் சூத்திரம் இது: யார்டை 8.4-ஆல் பெருக்கு, டச் டவுன் ஒன்றுக்கு 330 கூட்டு, சேர்ந்த வீச்சு ஒன்றுக்கு 100 கூட்டு, இன்டர்செப்ஷன் ஒன்றுக்கு 200 கழி, வந்ததை மொத்த வீச்சால் வகு. இதில் டச் டவுனுக்குக் கிடைக்கும் பரிசு, இன்டர்செப்ஷனுக்கு விழும் தண்டனையை விடப் பெரியது. எதிரணியிடம் பந்தைத் தாரை வார்ப்பதால் வரும் உண்மையான சேதம் இந்த 200-இல் அடங்காது. இன்னொன்று, இது தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் ரேட்டிங் அல்ல. அங்கே உச்சவரம்பே 158.3. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கால்களால் எவ்வளவு கிடைத்தது. ரேட்டிங்கில் ஓட்டம் இல்லவே இல்லை. கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக் பந்தோடு பிடிபட்டு இழந்த யார்டு, வீச்சுக் கணக்கிலிருந்து கழிக்கப்படாமல் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஆகவே ஒரு கல்லூரிக் குவார்ட்டர்பேக் 1,000 யார்டு ஓடினார் என்றால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஓடியிருக்கிறார்.

எவ்வளவு சுமை. தன் அணியின் டிஃபென்ஸ் எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தது? பந்து ஒரே ஒரு முறை கைக்கு வந்தாலே சமனாகவோ தலைகீழாகவோ மாறக்கூடிய ஆட்டம், அதாவது 8 புள்ளி இடைவெளிக்குள் முடிந்தது, எத்தனை?

கூட இருந்தவர்கள் யார், ஆட்டத் திட்டத்தை வரைந்து கொடுத்தவர் யார். வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள், முன்வரிசைத் தடுப்பாளர்கள், பயிற்சியாளர். இதை எண்ணாக்குவது கடினம். ஆனால் இந்த மூவர் விஷயத்தில் ஓரளவு அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

அணியின் வெற்றி எண்ணிக்கையை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. சராசரிப் புள்ளியையும் துணைக்கு மட்டுமே வைத்திருக்கிறேன். ஏனென்றால் 'அணி எடுத்த புள்ளி' என்பது ஆஃபென்ஸ் எடுத்த புள்ளி அல்ல. ஓக்லஹோமா வெஸ்ட் வர்ஜீனியாவை 59-56 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு டச் டவுன்களை எடுத்தது ஓக்லஹோமாவின் டிஃபென்ஸ்தான், எதிரணி தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடி. அந்தப் புள்ளிகளும் மர்ரேயின் ஆஃபென்ஸ் சராசரியில் சத்தமில்லாமல் சேர்ந்துவிடுகின்றன.

## எண்கள் ஒரே இடத்தில்

| அளவு | மர்ரே, ஓக்லஹோமா | டுவா, அலபாமா | ஹாஸ்கின்ஸ், ஒஹாயோ ஸ்டேட் |
|---|---|---|---|
| ஆட்டங்கள் | 14 | 15 | 14 |
| சேர்ந்தவை / வீசியவை | 260 / 377 | 245 / 355 | 373 / 533 |
| பாஸ் யார்டு | 4,361 | 3,966 | 4,831 |
| பாஸ் டச் டவுன் | 42 | 43 | 50 |
| இன்டர்செப்ஷன் | 7 | 6 | 8 |
| ஒரு வீச்சுக்கு யார்டு | 11.6 | 11.2 | 9.1 |
| திருத்திய யார்டு | 13.0 | 12.8 | 10.3 |
| பாஸர் ரேட்டிங் | 199.2 | 199.4 | 174.1 |
| ஓட்ட யார்டு | 1,001 | 190 | 108 |
| ஓட்ட டச் டவுன் | 12 | 5 | 4 |
| வீச்சும் ஓட்டமும் சேர்த்து ஒரு முயற்சிக்கு யார்டு | 10.4 | 10.1 | 8.1 |
| அணியின் சராசரிப் புள்ளி | 48.4 | 45.6 | 42.4 |
| டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்த சராசரி | 33.3 | 18.1 | 25.5 |
| 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்கள் | 5 | 1 | 4 |

வீச்சுக் கணக்கை மட்டும் பார்த்தால் மர்ரேயும் டுவாவும் சமம் என்றே சொல்லிவிடலாம். கண்ணை இழுப்பது கடைசி இரண்டு வரிகள்தான்.

## கைலர் மர்ரே, ஓக்லஹோமா

ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த லிங்கன் ரைலியின் ஆஃபென்ஸ், டெக்ஸாஸ் டெக்கில் பயிற்சியாளர் மைக் லீச்சிடம் அவர் கற்ற 'ஏர் ரெய்டு' மரபிலிருந்து வந்தது. அகலமாகப் பரவி நின்று நிறைய வீசுவது லீச்சின் வழி. ரைலி அதோடு ஒரு கனமான ஓட்டத்தைச் சேர்த்தார். முன்வரிசையில் ஒரு பக்கத்துத் தடுப்பாளர்கள் இருவர் (கார்டும் டாக்கிளும்) இடம் பெயர்ந்து மறுபக்கம் ஓடி வழி திறக்கும் 'கவுன்ட்டர்' அது. டிஃபென்ஸ் அதைத் தடுக்கக் கூட்டம் சேர்த்தால் தலைக்கு மேல் பந்து பறக்கும். சேர்க்காவிட்டால் ஓட்டம் பத்து யார்டு போகும். இரண்டையும் சமாளித்தாலும் மர்ரே தானே பந்தை வைத்துக்கொண்டு ஓடிவிடுவார்.

இந்த அணி வேகமாக ஆடி எண்ணிக்கையால் ஜெயித்தது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது தவறு. ஓக்லஹோமா ஆட்டத்துக்கு 570 யார்டு எடுத்தது, ஒரு முயற்சிக்கு 8.6 யார்டு. வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்குச் சுமார் 66 முயற்சிகள்தான் வருகின்றன. அதாவது, கிடைத்த குறைந்த வாய்ப்புகளிலேயே இவ்வளவு எடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 22-இல் ஆர்மி அணி இதைச் சோதித்தது. 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கும் மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஓக்லஹோமாவுக்கு 40 முயற்சிகள் மட்டுமே விட்டது. கூடுதல் நேரம் வரை போய் 28-21 என்று ஓக்லஹோமா தப்பித்தது. அன்றைய புள்ளியைப் பார்த்து 'ஆஃபென்ஸ் சொதப்பிவிட்டது' என்று சொல்பவர், வாய்ப்பு எத்தனை கிடைத்தது என்பதைப் பார்க்கவில்லை.

இனி சுமைக்கு வருவோம். நவம்பரில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் ஓக்லஹோமாவின் டிஃபென்ஸைத் தாண்டி எதிரணிகள் எடுத்தவை: டெக்ஸாஸ் டெக் 46, ஓக்லஹோமா ஸ்டேட் 47, கன்சாஸ் 40, வெஸ்ட் வர்ஜீனியா 56. சராசரி 47-க்கு மேல். நான்கிலும் ஓக்லஹோமா ஜெயித்தது: 51, 48, 55, 59. இதை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 47 புள்ளி விட்டுக்கொடுக்கும் டிஃபென்ஸை வைத்துக்கொண்டு தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயிக்க, குவார்ட்டர்பேக் ஒரு கால்பகுதி கூட அசந்திருக்க முடியாது. அக்டோபரில் டெக்ஸாஸிடம் 48-45 என்று தோற்றதும் டிஃபென்ஸ் பொறுப்பாளர் மைக் ஸ்டூப்ஸ் வேலையை இழந்தார். அதற்குப் பிறகும் நிலைமை இப்படித்தான் இருந்தது.

மறைந்திருக்கும் விலை என்ன? முதலாவது, அந்த முன்வரிசை. நாட்டிலேயே சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை அந்த வருடம் வாங்கியது ஓக்லஹோமா. அதிலிருந்த நான்கு பேர், கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் 2019-இல் எடுக்கப்பட்டார்கள். ரிசீவர்கள் மார்க்கீஸ் பிரவுனும் சீடி லாம்பும் பின்னர் முதல் சுற்றிலேயே போனார்கள். மர்ரே தனியாளாக நின்றார் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இரண்டாவது, ஓடும் குவார்ட்டர்பேக் அடி வாங்குவார். 5 அடி 10 அங்குலம் உயரமுள்ள ஒருவரை 140 முறை ஓடவிடுவது எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதான முடிவல்ல. மர்ரே அந்த வருடம் காயமின்றித் தப்பினார். அடுத்தவரும் தப்புவார் என்று எந்த எண்ணும் உத்தரவாதம் தராது.

இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம்: உங்கள் டிஃபென்ஸ் பலவீனமானது, ஒவ்வொரு வாரமும் 40 புள்ளிக்கு மேல் எடுத்தாக வேண்டும், ஆனால் ஓரளவு நல்ல முன்வரிசை இருக்கிறது.

## டுவா டாங்கோவைலோவா, அலபாமா

டுவாவின் சீசனை இரண்டாகப் பிரித்தால்தான் புரியும். முதல் 12 ஆட்டங்களில் 269 வீச்சில் 189 சேர்ந்தன. 36 டச் டவுன், இரண்டே இன்டர்செப்ஷன். சூத்திரத்தில் போட்டால் ரேட்டிங் 212-ஐத் தாண்டுகிறது. அந்த 12 ஆட்டங்களில் எதிலும் அலபாமா 22 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் ஜெயிக்கவில்லை. மூன்றாவது கால்பகுதி முடியும்போதே ஆட்டம் முடிந்துவிடும், டுவா போய் உட்கார்ந்துவிடுவார். 15 ஆட்டங்களில் அவர் 355 முறைதான் வீசினார், ஆட்டத்துக்கு 24 கூட வராது. ஹாஸ்கின்ஸ் ஆட்டத்துக்கு 38 வீசினார். ஆகவே மொத்த எண்ணிக்கையைக் காட்டி டுவாவைக் குறைத்துப் பேசுவது நியாயமே இல்லை. அவர் நான்காவது கால்பகுதியிலும் நின்று வீசியிருந்தால் 50 டச் டவுனைத் தாண்டியிருக்கக் கூடும்.

கடைசி மூன்று ஆட்டங்கள் வேறு கதை. அலபாமா ஆடும் எஸ்.இ.சி. பிரிவின் இறுதியில் ஜார்ஜியாவுக்கு எதிராக 25-க்கு 10 மட்டுமே சேர்ந்தன, இரண்டு இன்டர்செப்ஷன். கணுக்கால் காயத்தோடு வெளியேறினார். 28-21 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை மாற்று வீரர் ஜேலன் ஹர்ட்ஸ் வந்து 35-28 என்று திருப்பினார். அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக டுவா 27-க்கு 24, 318 யார்டு, நான்கு டச் டவுன். குறையே சொல்ல முடியாத ஆட்டம். ஆனால் எதிரே நின்றது எந்த டிஃபென்ஸ் என்பது நமக்குத் தெரியும். தேசிய இறுதியில் கிளெம்சனிடம் 44-16 என்று அலபாமா நொறுங்கியது. டுவா 295 யார்டு, இரண்டு டச் டவுன், இரண்டு இன்டர்செப்ஷன். மூன்றையும் சேர்த்தால் ரேட்டிங் 159-க்குள் இறங்குகிறது.

212-க்கும் 159-க்கும் நடுவில் எது உண்மையான டுவா? என் கருத்தில், இரண்டுமே. எந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் ஜார்ஜியா, கிளெம்சன் போன்ற அணிகள் முன்னால் எண் குறையத்தான் செய்யும். மர்ரேயும் அரையிறுதியில் அலபாமாவிடம் 37-க்கு 19, 308 யார்டு, இரண்டு டச் டவுன் என்று 139 ரேட்டிங்குக்குத்தான் ஆடினார். அன்று அவர் கூடுதலாக 109 யார்டு ஓடினார். 28-0 என்று விழுந்து கிடந்த ஆட்டத்தை 45-34 வரை இழுத்து வந்தார். மார்க்கீஸ் பிரவுன் காயத்தோடு ஆடி ஒரு பந்தைக் கூடப் பிடிக்கவில்லை.

டுவாவின் எண்ணில் மறைந்திருக்கும் விலை அவருடைய கூட்டாளிகள். ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், டெவான்டா ஸ்மித், ஜேலன் வாடில்: நான்கு ரிசீவர்களும் பின்னாளில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். ஜூடி அந்த வருடமே சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதை வாங்கினார். ஸ்மித் 2020-இல், அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையையே வாங்கினார். குறுகிய தூரத்தில் குறுக்கே ஓடும் ரிசீவர் கையில் பந்தைச் சரியான நொடியில் வைத்துவிட்டால் மீதி 60 யார்டை அவர் பார்த்துக்கொள்வார். அந்த 60 யார்டும் டுவாவின் கணக்கில்தான் ஏறும். அதே சமயம், 'சரியான நொடியில் வைப்பது' எல்லோராலும் முடியாத வேலை. டுவாவின் கை வேகமும் கணிப்பும் அங்கேதான் தெரிந்தன. ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவர் நடையைத் தளர்த்தாமல் பந்தைப் பிடித்தார். எந்தப் புள்ளிவிவரத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

இன்னொரு விலை, உடம்பு. 2018-இல் முழங்காலும் கணுக்காலும் தொல்லை கொடுத்தன. 2019 நவம்பரில் இடுப்பு மூட்டு நழுவி அவருடைய கல்லூரி ஆட்டமே முடிந்தது. 'குறைவாக ஓடுகிறார், ஆகவே பத்திரமாக இருப்பார்' என்ற கணக்கு இவர் விஷயத்தில் பொய்த்தது.

இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம்: எல்லாத் துண்டுகளும் ஏற்கெனவே கையில் உள்ள அணி. வலுவான டிஃபென்ஸ், வேகமான ரிசீவர்கள், தவறு செய்யாமல் சீக்கிரம் ஆட்டத்தை முடித்துவிடக் கூடிய ஒருவர் மட்டும் தேவை.

## டுவெய்ன் ஹாஸ்கின்ஸ், ஒஹாயோ ஸ்டேட்

50 டச் டவுன், 4,831 யார்டு. மொத்த எண்ணை நம்புபவர்கள் இவரைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த மொத்தம் 533 வீச்சிலிருந்து வந்தது. பர்டியூவிடம் 49-20 என்று தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். 73 முறை வீசினார், 49 சேர்ந்தன, 470 யார்டு. கேட்க மலைப்பாக இருக்கிறது, ஆனால் ஒரு வீச்சுக்கு 6.4 யார்டுதான். பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் வீசித் தள்ளும்போது இப்படித்தான் மொத்தம் ஏறும், ஆட்டம் கையை விட்டுப் போகும்.

அதற்காக அவரை மூன்றாம் இடத்தில் வைத்துவிட்டு நகர்வது சரியல்ல. மிச்சிகனுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஒற்றை ஆட்டங்களில் ஒன்று. யார்டு விட்டுக்கொடுப்பதில் நாட்டிலேயே கஞ்சமான டிஃபென்ஸ் என்ற பெயரோடு வந்தது மிச்சிகன். ஆளுக்கு ஆள் ஒட்டி நின்று தடுப்பது அதன் பாணி. ஒஹாயோ ஸ்டேட்டின் ஆஃபென்ஸ் பொறுப்பாளர் ரையன் டே வரைந்து கொடுத்த குறுக்கு ஓட்டங்களில் ரிசீவர் பாரிஸ் கேம்பெல் அந்தத் தடுப்பாளர்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடினார். ஹாஸ்கின்ஸ் 396 யார்டு, ஆறு டச் டவுன். 62-39. நீண்ட அந்தப் பகையின் வரலாற்றில் ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகனுக்கு எதிராக எடுத்த அதிகபட்சப் புள்ளி அது. அடுத்த வாரமே ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் பிரிவின் இறுதியில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 499 யார்டு, ஐந்து டச் டவுன்.

விலை: 79 முறை பந்தோடு போய் மொத்தம் 108 யார்டு. குவார்ட்டர்பேக் ஓடமாட்டார் என்று டிஃபென்ஸுக்குத் தெரிந்துவிட்டால் ஓட்டத்தைத் தடுக்க ஒரு ஆள் கூடுதலாகக் கிடைக்கிறார். அந்த வருடம் ஒஹாயோ ஸ்டேட்டின் ஓட்டம் பல ஆட்டங்களில் திக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்ந்தெடுக்க வேண்டிய இடம்: எதிரணி ஒட்டி நின்று தடுக்கிறது, நின்ற இடத்திலிருந்து பொறுமையாக 40 முறை வீசத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

## ஜேலன் ஹர்ட்ஸ் தரும் சான்று

ஆள் எவ்வளவு, அமைப்பு எவ்வளவு என்று பிரிப்பதுதான் இதில் கடினம் என்றேன். அளந்து பார்க்க உதவுபவர், ஜார்ஜியாவுக்கு எதிராக டுவாவுக்குப் பதிலாக இறங்கிய அதே ஜேலன் ஹர்ட்ஸ். இரண்டு அணிகளிலும் ஆடியவர் அவர்.

2017-இல் அலபாமாவின் முதல் குவார்ட்டர்பேக்காக அவருடைய ரேட்டிங் 150.2. அந்தச் சீசனின் தேசிய இறுதியில் இடைவேளையோடு உட்கார வைக்கப்பட்டார். இறங்கிய டுவா கோப்பையை வாங்கித் தந்தார். 2018-இல் ஆஃபென்ஸ் பொறுப்பு மைக் லாக்ஸ்லியிடம் வந்தது, ரிசீவர்கள் ஒரு வருடம் முதிர்ந்தார்கள். மாற்று வீரராக ஹர்ட்ஸ் வீசிய 70 பந்துகளில் ரேட்டிங் 196.7. டுவாவின் 199.4-க்குப் பக்கத்தில்! 70 வீச்சு என்பது சின்ன எண்ணிக்கைதான். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே தோற்றுப்போன அணிகளுக்கு எதிராக வந்தது. இருந்தாலும் தூக்கிப் போட முடியாத எண்.

அப்புறம் 2019-இல் ஹர்ட்ஸ் ஓக்லஹோமாவுக்கு மாறினார், மர்ரேயின் இடத்துக்கே. ரேட்டிங் 191.2, ஒரு வீச்சுக்கு 11.3 யார்டு. மர்ரேக்கு முன்பு 2017-இல் அதே இடத்தில் பேக்கர் மேஃபீல்டு ஆடியபோது 198.9. ஆக, ரைலியிடம் மூன்று வருடம், மூன்று ஆள்: 198.9, 199.2, 191.2. அலபாமா பக்கம் டுவா 2019-இல் காயம்படும் வரை 206.9, அவருக்குப் பின் மேக் ஜோன்ஸ் 2020-இல் 203.1. ஒஹாயோ ஸ்டேட்டில் ஹாஸ்கின்ஸுக்குப் பின் வந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 181.4.

இந்த வரிசையைப் பார்த்த பிறகு 199.2-ஐயும் 199.4-ஐயும் வைத்துக்கொண்டு யார் நன்றாக வீசுபவர் என்று சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த இரண்டு கல்லூரிகளிலும் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவரை நிறுத்தினால் 190-க்கு மேல் வரும். ஆளுக்கு ஆள் வேறுபடுவது அதற்கு மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே.

ஆனால் ஹர்ட்ஸால் எட்ட முடியாத ஒன்று இருக்கிறது. ஓக்லஹோமாவில் அவர் 233 முறை ஓடி 1,298 யார்டு எடுத்தார், முறைக்கு 5.6. மர்ரே 140 முறையில் 1,001, முறைக்கு 7.2. மர்ரேயின் கால்கள் ரைலி வரைந்த படத்தில் இருந்து வந்தவை அல்ல. அதே அமைப்பு, நன்றாக ஓடக்கூடிய இன்னொருவர், அப்படியும் இந்த இடைவெளி. எனக்கு முடிவைத் தந்த எண் இதுதான்.

## எந்தக் கேள்விக்கு யார்

ஒரே ஒரு ஆட்டம், எல்லா வசதியும் உள்ள அணி, டிஃபென்ஸ் 18 புள்ளிக்கு மேல் விடாது என்றால் டுவா. சரியான இடத்தில் சரியான நொடியில் வைப்பதில் மற்ற இருவரையும் விட ஒரு படி மேலே. கணுக்கால் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஓட்டம் எடுபடாத நாளில், ஒட்டி நிற்கும் டிஃபென்ஸுக்கு எதிராக என்றால் ஹாஸ்கின்ஸ். மிச்சிகன் ஆட்டம் போதும் சாட்சிக்கு.

ஒரு பள்ளி அணிப் பயிற்சியாளர் எந்த ஆஃபென்ஸைப் பின்பற்றலாம் என்று கேட்டால் ஓக்லஹோமாவுடையதைச் சொல்வேன். அலபாமாவின் எண்களுக்குப் பின்னால் நான்கு முதல் சுற்று ரிசீவர்கள் நிற்கிறார்கள். அப்படி ஒரு கூட்டம் பள்ளியில் கிடைக்காது. லீச்சின் ஏர் ரெய்டு, பெரிய அணிகளுக்குச் சமமான ஆட்கள் கிடைக்காத இடங்களில் வளர்ந்தது. ரைலி சேர்த்த கவுன்ட்டர் ஓட்டத்தையும் பயிற்சியால் கொண்டுவரலாம். மர்ரே இல்லாமல் 48 புள்ளி வராது, ஆனால் அடிப்படை வேலை செய்யும்.

2018-இன் சிறந்த குவார்ட்டர்பேக் யார் என்றால், மர்ரே. வீச்சில் டுவாவுக்குச் சமம், ஓட்டத்தில் 811 யார்டு கூடுதல், தாங்கிய சுமை ஆட்டத்துக்கு 15 புள்ளி அதிகம், 8 புள்ளிக்குள் முடிந்த ஐந்து ஆட்டங்களில் நான்கு வெற்றி. ஹைஸ்மன் வாக்காளர்களும் அப்படியே போட்டார்கள்: மர்ரே 2,167 புள்ளி, டுவா 1,871, ஹாஸ்கின்ஸ் 783. முதலிட வாக்குகளில் மர்ரேக்கு 517, டுவாவுக்கு 299. அந்த வாக்குப்பதிவு முடிந்தது டிசம்பர் தொடக்கத்தில். அப்போது மர்ரேயின் ரேட்டிங் 205.7, டுவாவின் ரேட்டிங் 202.3. ஜார்ஜியா ஆட்டம் அந்த இரண்டாவது எண்ணைப் பத்துப் புள்ளி கீழே இழுத்திருந்தது, அதுவே வாக்கைத் திருப்பியது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு ஆட்டம் தேவைப்படவில்லை. 46, 47, 40, 56 விட்டுக்கொடுத்த அந்த நான்கு நவம்பர் வாரங்கள் போதும்.